சோலார் கொட்டேஷனைப் பிரித்துப் படிப்பது எப்படி? வீட்டு மாடிக்குப் பேனல் போடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"சார், மூணு கிலோவாட். கையிலேருந்து ஒண்ணு பன்னண்டு போட்டாப் போதும். மிச்சத்தை கவர்மென்ட் பார்த்துக்கும்."

சோலார் விசாரிக்கும் யாருக்கும் முதல் போனிலேயே இப்படி ஒரு தொகை வந்துவிடும். அந்தத் தொகையை ஒரு காகிதத்தில் எழுதி, அதன் கீழே அடுத்த கம்பெனி சொன்னதையும் எழுதி ஒப்பிட ஆரம்பித்தால் கணக்கு அங்கேயே கோணலாகிவிடும். ஒருவர் மானியத்தைக் கழித்துச் சொல்லியிருப்பார். இன்னொருவர் ஜிஎஸ்டி சேர்த்திருக்க மாட்டார். மூன்றாமவர் ஈபி மீட்டர் செலவைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார். மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் எது மலிவு, எது கூடுதல் என்று பேசவே முடியும்.

தமிழ்நாட்டில் ஈபி இணைப்புள்ள தனி வீடு, பேட்டரி இல்லாமல் ஈபி கரண்டோடு இணைந்தே ஓடும் ஆன்கிரிட் முறை, மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்ட மானியம் ஆகியவற்றை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ஈபி பில்லைப் படியுங்கள்

கொட்டேஷன் கேட்பதற்கு முன்னால் கடந்த ஒரு வருடத்தின் ஆறு பில்களை எடுத்து வையுங்கள். ரூபாயை விடுங்கள், யூனிட்டைப் பாருங்கள். இந்த வேலையைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பிறகு "சோலார் போட்டும் ஒண்ணும் மிச்சமில்லை" என்று சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டின் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. கீழ்ப் படியில் யூனிட் கிட்டத்தட்ட சும்மா கிடைக்கிறது, மேல் படியில் ஒரு யூனிட் பத்து ரூபாயைத் தாண்டுகிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப் படியில் இருந்த சலுகை விலையும் கையை விட்டுப் போகும். ஆகவே சோலாரின் லாபம் வீட்டுக்கு வீடு மலைக்கும் மடுவுக்கும் உள்ள அளவுக்கு மாறுகிறது.

2024 ஜூலையில் வந்த கட்டணப்படி இரண்டு வீடுகளைப் பார்ப்போம். முதல் வீட்டில் இரண்டு ஏசி, இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடுகிறது. பில் ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் 720 யூனிட். மிஞ்சுவது 180 யூனிட்தான், அதற்கு பில் இருநூறு ரூபாய்கூட வராது. வருடத்துக்கு ஏறத்தாழ 34,000 ரூபாய் மிச்சம். கைக்காசு ஒன்றேகால் லட்சம் போட்டாலும் நான்கு வருடத்துக்குள் திரும்பிவிடும்.

இரண்டாவது வீட்டில் 350 யூனிட். பில் ஆயிரம் ரூபாயைத் தொடாது. அது முழுவதையும் சோலார் விழுங்கினாலும் வருடத்துக்கு மிச்சம் ஆறாயிரத்துக்குக் கீழே. அதே ஒன்றேகால் லட்சம் திரும்ப இருபது வருடத்துக்கு மேல் ஆகும். 2 கிலோவாட்டோடு நிறுத்தினாலும் கணக்கு பெரிதாகத் தேறாது. ஏசி, மின்சார ஸ்கூட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு என்று ஏதாவது வரப்போகிறது என்றால் தவிர, இந்த வீட்டுக்கு எவ்வளவு மலிவான கொட்டேஷன் வந்தாலும் அவசரம் வேண்டாம். எந்த விற்பனையாளரும் இதை உங்களிடம் சொல்ல மாட்டார்.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரியும். 900 யூனிட் வீட்டுக்காரரிடம் "இன்னும் கொஞ்சம் போட்டா அஞ்சு கிலோவாட்டே போட்டுடலாம் சார்" என்பார்கள். மானியம் 3 கிலோவாட்டோடு நின்றுவிடுகிறது. முதல் 3 கிலோவாட் மேல் படியின் விலை உயர்ந்த யூனிட்டுகளை ஏற்கெனவே வெட்டிவிட்டது. கூடுதல் 2 கிலோவாட் வெட்டப்போவது அந்த மிச்சமிருக்கும் இருநூறு ரூபாயை. உபரி யூனிட்டுகள் நெட் மீட்டர் (ஈபியிலிருந்து வருவதையும் நீங்கள் ஈபிக்குக் கொடுப்பதையும் அளக்கும் மீட்டர்) கணக்கில் வரவாக அடுத்த பில்லுக்குப் போகும் என்பது உண்மைதான், ஆனால் அதை விற்றுக் காசு பார்க்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

பில்களோடு ஈபியில் உங்கள் பெயரில் அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு, இணைப்பு ஒற்றை பேஸா மூன்று பேஸா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பேனல் தரும் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசி மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் வகை அதைப் பொறுத்தது. மின்பளுவைக் கூட்ட வேண்டியிருந்தால் அதற்கு ஈபியில் கட்ட வேண்டிய பணமும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

மாடியைப் பார்க்காமல் தரும் விலை விலையே இல்லை

வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடத்தில் வரும் கொட்டேஷன் வெறும் விலைப்பட்டியல். ஆள் மாடிக்கு ஏறி, டேப் பிடித்து அளந்து, இன்வெர்ட்டர் எங்கே வரும், கேபிள் எந்த வழியாக இறங்கும், எர்த்திங் குழி எங்கே என்று பார்த்த பிறகு தருவதுதான் கொட்டேஷன். 1 கிலோவாட்டுக்கு நிழல் இல்லாத சுமார் 100 சதுர அடி வேண்டும்.

நிழலை அவர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், ஜூன் மாதம் வந்து பார்ப்பவருக்குத் தெரியாத நிழல் அப்போது விழும். தெற்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பும் யோசனையில் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஜூனில் சென்னையில் நடுப்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். எனவே வடக்கே இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் ஒட்டிப் பேனல் வைக்கக் கூடாது. வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் தென்னை மட்டை நிழல் தினமும் விழுந்தால்கூட உற்பத்தி அடி வாங்கும்.

எல்லாக் கொட்டேஷனையும் ஒரே தராசில் வையுங்கள்

இதுதான் முக்கியமான படி. மூன்று கொட்டேஷன் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றும் "3 கிலோவாட்" என்றே சொல்கின்றன. (தொகைகள் விளக்கத்துக்காக நான் போட்டவை.)

முதலாமவர்: மானியம் போக 1,12,000.
இரண்டாமவர்: ஜிஎஸ்டி, மீட்டர் எல்லாம் சேர்த்து 2,05,000.
மூன்றாமவர்: மானியம் போக 97,000, ஜிஎஸ்டி தனி.

பார்த்த மாத்திரத்தில் மூன்றாமவர் மலிவு, இரண்டாமவர் கொள்ளை. இப்போது உள்ளே போவோம்.

மானியக் கணக்கு மிக எளிது. 2 கிலோவாட் வரை ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 30,000, அதற்கு மேல் 3 கிலோவாட் வரை உள்ள பகுதிக்கு 18,000. உச்சம் 78,000. ஆனால் இந்தக் கிலோவாட்டை எதை வைத்துக் கணக்கிடுவார்கள் என்பதில்தான் சூட்சுமம். பேனல்களின் மொத்தத் திறன், இன்வெர்ட்டரின் திறன் இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம்.

முதலாமவரின் காகிதத்தில் "540 வாட் பேனல் 5, 3 கிலோவாட் இன்வெர்ட்டர்" என்று இருக்கிறது. ஐந்தைப் பெருக்குங்கள்: 2,700 வாட். அவர் 3 கிலோவாட் என்று சொன்னது இன்வெர்ட்டரை. உற்பத்தி செய்வது பேனல். மானியம் 60,000-உம் 12,600-உம் சேர்த்து 72,600 தான் வரும், அவர் கழித்துக் காட்டிய 78,000 வராது. அவருடைய முழு விலை 1,90,000. உங்கள் கையிலிருந்து போவது 1,17,400, அதுவும் குறைந்த பேனலுக்கு.

இரண்டாமவர் 540 வாட் பேனல் 6 தருகிறார், அதாவது 3,240 வாட். மானியம் முழுதாக 78,000. கையிலிருந்து 1,27,000.

மூன்றாமவர் 550 வாட் பேனல் 6, அதாவது 3,300 வாட். முழு விலை 1,75,000, ஜிஎஸ்டி தனி. சோலாரைப் பொருத்துக்கூலியோடு சேர்த்து ஒரே ஒப்பந்தமாகச் செய்யும்போது விலையில் 70 சதவீதம் பொருளாகவும் 30 சதவீதம் சேவையாகவும் கொள்ளப்படும். 2025 செப்டம்பர் 22 முதல் பொருளுக்கு வரி 5 சதவீதம், சேவைக்கு 18 சதவீதம். இரண்டும் சேர்ந்து முழுத் தொகையில் 8.9 சதவீதம் ஆகிறது. முன்பு இது 13.8 ஆக இருந்தது. இன்னும் பழைய விகிதத்தைப் போட்டுக் கொண்டுவருபவரிடம் விளக்கம் கேளுங்கள். மூன்றாமவரின் வரி 15,575. அடியில் பொடி எழுத்தில் "நெட் மீட்டர் செலவு, சிவில் வேலை வாடிக்கையாளர் பொறுப்பு" என்று ஒரு வரி. அதற்கு 10,000 என்று வைத்தால் முழு விலை 2,00,575. கையிலிருந்து 1,22,575.

முழு விலையைப் பேனல் வாட்டால் வகுங்கள். முதலாமவர் வாட்டுக்கு 70 ரூபாய் 37 காசு. இரண்டாமவர் 63 ரூபாய் 27 காசு. மூன்றாமவர் 60 ரூபாய் 78 காசு. கொள்ளை போல் தெரிந்தவருக்கும் மலிவானவருக்கும் இடையே கைக்காசில் வித்தியாசம் ஐயாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. பார்த்த மாத்திரத்தில் நடுவில் தெரிந்த முதலாமவர்தான் வாட்டுக்கு மூவரில் விலை கூடியவர். எல்லோரிடமும் இந்த மூன்று விவரத்தை மட்டும் எழுத்தில் கேளுங்கள்: மொத்தப் பேனல் வாட், வரி உட்பட முழு விலை, அந்த விலையில் சேராதவை எவை.

பேனல் வரியில் "அல்லது இணையானது"

"டாடா, வாரி, அதானி அல்லது அதற்கு இணையானது" என்று ஒரு வரி பல கொட்டேஷன்களில் இருக்கும். இந்த வரியை அடித்துவிட்டு, கம்பெனி பெயர், மாடல் எண், வாட் மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இணையானது எது என்பதை லாரியில் சரக்கு வந்திறங்கும் நாளில் அவர் முடிவு செய்வார்.

மானியம் வேண்டுமானால் டிசிஆர் பேனல் கட்டாயம். அதாவது சோலார் செல், அதைக் கோத்துச் செய்யும் பேனல் இரண்டுமே இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். வெளிநாட்டுச் செல்லை வாங்கி இங்கே பேனலாகக் கோத்ததும் "மேட் இன் இந்தியா" தான், ஆனால் டிசிஆர் ஆகாது, விலையும் கணிசமாகக் குறைவு. சந்தேகத்துக்கிடமான அளவுக்கு மலிவாக ஒரு கொட்டேஷன் வந்தால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். சீரியல் எண்ணை வைத்து டிசிஆர்தானா என்று சரிபார்க்க தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் ஓர் இணையதளம் நடத்துகிறது.

செல் வகை மோனோ பெர்க்கா, டாப்கானா என்ற கேள்வியில் விற்பனையாளர்கள் நிறையப் பேசுவார்கள். பேனலின் வாட் 25 டிகிரி வெப்பத்தில் அளந்தது. மே மாத மத்தியானத்தில் மாடியில் பேனல் 65 டிகிரிக்குச் சூடாகும். சாதாரண மோனோ பெர்க் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் இழக்கும், டாப்கான் 0.3-ஐ ஒட்டி இழக்கும். நாற்பது டிகிரிக்குப் பார்த்தால் 14 சதவீதமும் 12 சதவீதமும். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அதற்காகப் பத்தாயிரம், இருபதாயிரம் கூடுதலாகக் கொடுக்கும் அளவுக்கு இல்லை என்பது என் கருத்து. இடம் குறுகலான மாடிக்கு மட்டும் கூடுதல் வாட் பேனலுக்குக் காசு தரலாம்.

"25 வருட வாரண்டி" என்பது உற்பத்தித் திறன் இவ்வளவுக்குக் கீழே போகாது என்ற உறுதி மட்டுமே. பேனல் உடைந்தாலோ, உள்ளே ஈரம் புகுந்தாலோ மாற்றித் தருவது பொருள் வாரண்டி. அது பெரும்பாலும் 10 அல்லது 12 வருடம். கொட்டேஷனில் இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

இன்வெர்ட்டர்

முழு அமைப்பில் முதலில் பழுதாகக்கூடியது இதுதான். வாரண்டி 5 வருடமா, 8-ஆ, 10-ஆ என்பது ஒன்று. அந்தக் கம்பெனிக்கு உங்கள் மாவட்டத்தில் சர்வீஸ் ஆள் இருக்கிறாரா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இன்வெர்ட்டர் நின்றால் சரியாகும் வரை உற்பத்தி பூஜ்யம், முழு பில்லும் வரும். வெயிலும் மழையும் நேராகப் படும் சுவரில் மாட்டாமல் நிழலான இடத்தில் வைப்பதற்கான கேபிள் நீளம் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

கரண்ட் போனாலும் சோலார் ஓடும் என்று யாராவது சொன்னால் நிறுத்திக் கேளுங்கள். ஆன்கிரிட் இன்வெர்ட்டர் ஈபி கரண்ட் போன நொடியில் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். பவர்கட்டிலும் ஓட வேண்டுமானால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும், அது வேறு விலை. வீட்டில் ஏற்கெனவே யுபிஎஸ் இருந்தால் அதையே வைத்துக்கொள்வது பெரும்பாலும் புத்திசாலித்தனம்.

ஸ்ட்ரக்சர்: விலை குறைவது பெரும்பாலும் இங்கேதான்

பேனலும் இன்வெர்ட்டரும் பெயரோடு வருவதால் அதில் கைவைப்பது கஷ்டம். இரும்புச் சட்டத்துக்குப் பெயர் கிடையாது. "ஜிஐ ஸ்ட்ரக்சர்" (துத்தநாகப் பூச்சுள்ள இரும்புச் சட்டம்) என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். வாட்டுக்கு இரண்டு மூன்று ரூபாய் குறைத்தவர் எங்கே குறைத்தார் என்று தேடினால் பல சமயம் இங்கேதான் கிடைக்கும்.

கேட்க வேண்டியது: வெட்டி, வெல்டு அடித்து முடித்த பிறகு துத்தநாகத்தில் முக்கி எடுத்ததா, அல்லது ஏற்கெனவே பூச்சுள்ள குழாயை வாங்கி மாடியில் வெட்டி ஒட்டியதா? முக்கி எடுத்ததில் பூச்சு 80 மைக்ரான் அளவுக்கு இருக்கும். மாடியிலேயே வெட்டி வெல்டு வைத்தால் ஒட்டிய இடத்தில் பூச்சு எரிந்துபோகும், மேலே வெள்ளிப் பெயிண்ட் அடித்து மறைப்பார்கள். கடற்கரை ஊர்களில் அந்த ஒட்டு துருப்பிடித்து ஒழுக அதிக காலம் ஆகாது. போல்ட் நட்டு 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்து காற்று. "மணிக்கு 150 கிலோமீட்டர் காற்று தாங்கும்" என்று எல்லாக் கொட்டேஷனிலும் ஒரே மாதிரி அச்சடித்திருக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரை, கோவைக்கு நொடிக்கு 39 மீட்டர், மணிக்கு 140. கோவைக்குப் போதுமான சட்டம் சென்னைக்குப் போதாது. 2016-இல் வர்தாவையும் 2018-இல் கஜாவையும் பார்த்த கரையோர மாவட்டங்களில் இருப்பவர்கள் இதை வெறும் காகித வரியாக விடக் கூடாது. பேனலுக்குக் கீழே துணி காயப்போட, உட்கார என்று எட்டடி உயரத்தில் தூக்கிப் போடச் சொன்னால் காற்றின் இழுப்பும் கூடும், விலையும் கூடும். இரண்டடி உயரக் கொட்டேஷனை எட்டடி உயரக் கொட்டேஷனோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

கால்களை மாடியில் எப்படி நிறுத்தப் போகிறார்? தட்டோட்டைத் துளைத்துத் தளத்தில் போல்ட் இறக்கினால் பிடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் துளையைச் சரியாக அடைக்காவிட்டால் அடுத்த ஐப்பசியில் கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் தெரியும். துளைக்காமல் கான்கிரீட் பீடம் ஊற்றி நிறுத்தினால் பீடத்தின் எடை காற்றுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். எந்த முறையானாலும் ஒழுகினால் யார் பொறுப்பு என்று ஒரு வரி வாங்கிவிடுங்கள்.

கேபிள், எர்த்திங் பகுதியில் நீளமாகப் படிக்க எதுவுமில்லை. டிசி கேபிள் 4 சதுர மி.மீ. செம்பு, இடிதாங்கி, மூன்று தனி எர்த்திங், பேனலிலிருந்து வரும் டிசி பக்கமும் வீட்டுக்குப் போகும் ஏசி மின்சாரப் பக்கமும் சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) பாதுகாப்புள்ள பெட்டி. இவை இருந்தால் போதும். ஒரே குழியில் மூன்று எர்த்திங்கையும் முடிப்பவரை விட்டுவிடுங்கள்.

மானியம், பணம், காகிதம்

பிஎம் சூர்ய கர் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் உங்கள் ஈபி இணைப்பு எண்ணையும் உங்கள் மொபைல் எண்ணையும் கொடுத்து நீங்களே பதிவு செய்யுங்கள். மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், அதுவும் அமைப்பு இயங்கி ஈபி சோதனை முடிந்த பிறகு. எனவே "மானியம் போக" விலை சொன்னாலும் பெரும்பாலான இடங்களில் முழுத் தொகையை முதலில் நீங்கள் புரட்ட வேண்டியிருக்கும். விற்பனையாளர் இந்தத் திட்டத்தில் பதிவானவரா என்று அதே தளத்தில் பார்க்கலாம். திட்ட விதிப்படி ஐந்து வருடப் பராமரிப்பு அவர் கடமை. அதை இலவசச் சலுகை போலக் காட்டி விலை ஏற்றினால் சிரித்துவிட்டுக் கடந்து போங்கள்.

10 கிலோவாட் வரையிலான வீட்டு அமைப்புகளுக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என்று 2024-இல் மத்திய விதி திருத்தப்பட்டது. ஆகவே "ஈபியில் அப்ரூவல் வாங்க" என்று தனியாக ஒரு பெருந்தொகை கேட்டால் எதற்கு, எவ்வளவு என்று ரசீதோடு கேளுங்கள். பில் இல்லாமல் பத்தாயிரம் குறைக்கிறேன் என்பவரிடம் போக வேண்டாம். மானியத்துக்கும் வாரண்டிக்கும் அந்தப் பில்தான் ஆதாரம்.

பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். ஆர்டருக்குச் சிறு முன்பணம். பேனலும் இன்வெர்ட்டரும் வந்திறங்கி, சீரியல் எண்களை நீங்களே போட்டோ எடுத்துக் கொட்டேஷனோடு ஒத்துப் பார்த்த பிறகு பெரும்பகுதி. பொருத்தி முடித்ததும் இன்னொரு பகுதி. கடைசிப் பத்து சதவீதம் நெட் மீட்டர் மாட்டி ஓடத் தொடங்கிய பிறகு. சின்ன கம்பெனிகள் சரக்கு எடுக்க முன்பணத்தைத்தான் நம்பியிருக்கின்றன, அதனால் பெரும்பகுதியை முன்னால் கேட்பது எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடைசிப் பத்து சதவீதத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். பேனல் ஏறிவிட்டது, மீட்டர் வரவில்லை என்று மாதக்கணக்கில் போன் போட்டுக்கொண்டிருப்பவர்களில் முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டியவர்கள் நிறையப் பேர்.

இவ்வளவும் சரியாக இருந்து இரண்டு கொட்டேஷன் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், அவரவர் இரண்டு மூன்று வருடத்துக்கு முன் போட்டுக் கொடுத்த ஒரு வீட்டின் முகவரி கேளுங்கள். புது வீடு வேண்டாம், பழசுதான் வேண்டும். போய் மாடியில் ஏறி வெல்டு வைத்த இடங்களைப் பாருங்கள், வீட்டுக்காரரிடம் இன்வெர்ட்டர் ஆப்பில் போன வருட மொத்த யூனிட்டைக் காட்டச் சொல்லுங்கள். கிலோவாட்டுக்கு 1,400-ஐ ஒட்டி இருந்தால் வேலை நன்றாக நடந்திருக்கிறது. ஆயிரத்தைத் தொடவில்லை என்றால், காரணம் நிழலா, கழுவாத பேனலா, நின்றுபோன இன்வெர்ட்டரா என்று கேட்டுவிட்டு, புகாருக்கு அந்தக் கம்பெனி எத்தனை நாளில் வந்தது என்பதையும் கேளுங்கள்.